சுத்தமான வண்டி, 1964 மாடல்

"எலி இருந்ததா, இல்லையா? எனக்கு இப்ப அது ஒண்ணுதான் தெரியணும்," என்றார் டாக்டர் பச்சேகோ.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆறு வயது ஜூனி லிண்ட்கிரன் பிராணவாயு முகமூடிக்குள் மூச்சுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் விலா எலும்புகள் தனித்தனியாகத் தெரிந்தன. போன செவ்வாய்க்கிழமை தெருவில் சைக்கிள் ஓட்டியவள். புதன்கிழமை காய்ச்சல். சனிக்கிழமை இந்த ஆஸ்பத்திரி. இன்று மறுபடியும் செவ்வாய், காலை எட்டு மணி.

"எத்தனை தடவை சொல்றது டாக்டர்? சுத்தமான வண்டி," என்றான் ஜூனியின் அப்பா ப்ரெண்ட். கண்கள் சிவந்திருந்தன. கையில் எல்லோருக்கும் காபி வாங்கி வந்திருந்தான். "வித்தவன் சத்தியம் பண்ணிக் குடுத்தான். நானும் மூலை முடுக்கெல்லாம் பார்த்தேன். ஒரு எலிப் புழுக்கைகூட இல்லை."

அந்த வண்டி ஒரு பழைய டிரெய்லர். பிக்கப்புக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற பதினைந்தடி வீடு. உள்ளே அடுப்பு, மடக்கு மேஜை, இரண்டு படுக்கை, குழந்தைக்கு மேலே ஒரு பரண். 1964-ல் செய்தது. இந்த மே மாதத்திலிருந்து லிண்ட்கிரன் குடும்பம் மூன்று வாரக் கடைசிகளை அதில்தான் கழித்திருந்தது. பரணில் தூங்கியது ஜூனி.

டாக்டர் எங்களைத் தனியாக அழைத்துப் போனார். எங்களை என்றால் துப்பறியும் ரமோனா ஆர்ச்சுலெட்டா, அவள் உதவியாளன் ஆரின் ப்ரூயிட்டாகிய நான், எங்களைக் கூப்பிட்ட ஜூனியின் அம்மா கோரா. அலமோசாவில் ஒரு சலவைக்கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். கோரா அந்தக் கடையில் துணி துவைக்க வருகிறவள். அதுதான் அறிமுகம்.

"மூணு சாத்தியம் இருக்கு," என்றார் டாக்டர். "சுவர்ல ஊறின பழைய பூச்சி மருந்து, ஹீட்டர் கசிவு, இல்லேன்னா எலி எச்சத்தோட தூசியிலேருந்து வர்ற ஹான்டா வைரஸ். ரத்தம் அனுப்பியாச்சு. ரிசல்ட் வர வியாழக்கிழமை ஆகும். எலிதான்னா நான் வியாழக்கிழமை வரைக்கும் காத்திருக்கக் கூடாது. டென்வர்ல நுரையீரலுக்குப் பதிலா வேலை செய்யற மெஷின் இருக்கு, உடனே ஹெலிகாப்டர்ல ஏத்தணும். ஆனா அந்தப் பயணமே இவளுக்கு ஆபத்து. காரணம் இல்லாம ஏத்த முடியாது."

"வண்டி எங்க?" என்றாள் ரமோனா.

"பழைய இரும்புக்குப் போட்டுட்டார்," என்றாள் கோரா. "சனிக்கிழமை சாயங்காலமே. வேற எந்தக் குழந்தையும் அதுல படுக்கக் கூடாதுன்னு. வித்தவன் பேர் ரே, பச்சை பிக்கப், ப்யூப்ளோவுல ஒரு கார் சந்தையில வாங்கினார். அவ்வளவுதான் தெரியும். நம்பர்கூட வச்சுக்கலை. அவனைக் கண்டுபிடிங்க மேடம். அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க. எலியா, இல்லையா."

வாங்குவதற்கு முன்னால் ரே அனுப்பியதாக ப்ரெண்ட் அவளுக்கு அனுப்பி வைத்த போட்டோ ஒன்று இருந்தது. ரமோனா அதைத் தன் போனுக்கு மாற்றிக்கொண்டாள்.

காரில் ஏறியதும் போட்டோவை என்னிடம் நீட்டினாள். "என்ன தெரியுது?"

"ஒரு டிரெய்லர். பாதி ஆடு."

"முதல்ல டிரெய்லரைச் சொல்லு. பத்து வருஷம் இதுங்களை ரிப்பேர் பண்ணினவன்தானே நீ?"

பெரிதாக்கிப் பார்த்தேன். டயர்கள் விளிம்பு வரை மண்ணில் புதைந்திருந்தன. கொக்கிக்குள் புகுந்து ஒரு முட்செடி வளர்ந்து, காய்ந்து, அங்கேயே நின்றது. "இது பல வருஷமா நகராத வண்டி பாஸ். கார் சந்தைக்கு இது போகவே இல்லை. எங்கேயோ ஒரு ஆட்டுப் பண்ணையில நின்னிருக்கு."

"ரே பண்ணையிலேருந்து எடுத்து, சீர் பண்ணி, சந்தையில வித்திருக்கான். இப்ப பாதி ஆட்டைப் பாரு."

படத்தின் ஓரத்தில் ஒரு செம்மறியின் பின்பாதி. கம்பளியில் நீல மையால் ஓர் அரைவட்டம், அதற்கடியில் ஒரு கோடு, சொந்தக்காரர் போட்ட அடையாளம்.

"ஆட்டோட பிருஷ்டத்தை வச்சு ஆளைப் பிடிக்கப் போறோமா? எங்கம்மா கேட்டா ரொம்பப் பெருமைப்படுவாங்க."

"உன் மச்சான் ஆட்டு ரோமம் கத்தரிக்கிறவர்தானே? கூப்பிடு."

என் மச்சான் இந்தப் பள்ளத்தாக்கின் எல்லா மந்தைகளையும் பின்பக்கத்தால் அறிந்தவர். அரைவட்டம், கோடு என்றதும் யோசிக்காமல் சொன்னார்: "லாயிட் டெங்லர். சவாச்சுக்கு வடக்கே. காபி குடுத்தா குடிச்சிடாதே, கப்பைக் கழுவ மாட்டான்."

பத்து மணிக்கு அங்கே இருந்தோம்.

லாயிட் டெங்லருக்கு எழுபது இருக்கும். சட்டையில் ஆட்டுக் கொழுப்பும் மருந்தும் காய்ந்து பலகை போல் விறைத்திருந்தன. காபி கொடுத்தார். கப்பின் உட்சுவரில் பழைய காபி வளையம் வளையமாக இருந்தது. ரமோனா நன்றி சொல்லி வாங்கி, வேலிக் கம்பத்தின் மேல் வைத்துவிட்டாள்.

போட்டோவைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இதை எதுக்கும்மா இப்ப கேக்கறே?"

"இதுல எலி இருந்ததா?"

"எலியா?" அவர் தரையில் துப்பினார். "சுவரே எலிதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால என் இடையன் எலியோடோரோ அதுல தங்கியிருந்தான். பெரு நாட்டுக்காரன், நல்ல பையன். நாலே நாள். மூச்சு விட முடியாம போயிட்டான். அதுக்கப்புறம் நான் அந்தக் கதவைத் திறக்கலை. எலிங்களுக்குக் கொண்டாட்டம்."

ரமோனா அவரை மேலே பேச விடவில்லை. அங்கேயே நின்று டாக்டரைக் கூப்பிட்டாள். "எலிதான். சுவர் முழுக்க. அதுல தங்கின ஒருத்தர் ஏற்கெனவே செத்திருக்கார்." மறுமுனையில் டாக்டர் இரண்டே வார்த்தை சொன்னார், பிறகு யாரையோ கூப்பிட்டுக் கத்துவது கேட்டது. ஹெலிகாப்டர் கிளம்பி வர வேண்டும், காற்று அடங்க வேண்டும், குழந்தையைத் தயார் செய்ய வேண்டும். மதியம் ஆகிவிடும்.

போனைப் பையில் போட்டுக்கொண்டு ரமோனா அவரிடம் திரும்பினாள். "ஒரு ஆள் செத்த வண்டி. ஏன் எரிக்கலை நீங்க?"

"எரிச்சிருக்கணும்."

"எரிக்கலையே."

"அச்சும் அடிச்சட்டமும் நல்லா இருந்துச்சும்மா." அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "மார்ச்ல ரேன்னு ஒருத்தன் வந்தான். சட்டத்தை மட்டும் எடுத்துக்கோ, மேல்கூட்டைப் பிச்சு எரிச்சுடு, முகத்துல துணி கட்டிக்கோ, பிள்ளைகுட்டிங்களைக் கிட்ட விடாதேன்னு பத்துத் தடவை சொன்னேன். அவன் தலையாட்டின ஆட்டலே சரியில்லை. அதனால ஆட்டுக்குப் போடற நீல மையை எடுத்துட்டுப் போய், உள்சுவர்லயே பெருசா எழுதினேன். 'எலி. படுக்காதே.' அவன் பக்கத்துல நின்னு சிரிச்சான்."

"என்ன வண்டி ஓட்டிட்டு வந்தான்?"

"சாம்பல் கலர் பிக்கப்."

"பச்சை இல்லையா?"

"எனக்குக் கண்ணு நல்லா தெரியும்மா."

ரமோனா குறித்துக்கொண்டாள். புறப்படும்போது லாயிட் பின்னாலேயே வந்தார். "நேத்து ஒரு பொண்ணு போன் மெஷின்ல பேசி வச்சிருக்கு. டேலியான்னு பேரு. ரேகிட்ட இந்த வண்டியை வாங்கினாங்களாம், பத்திரத்துல என் பேர் இருக்குதாம், கையெழுத்து வேணுமாம். இன்னும் திருப்பிக் கூப்பிடலை."

நான் நின்றுவிட்டேன். "எந்த வண்டியை? இதையா? இது சனிக்கிழமையே நசுங்கியாச்சே."

"நீயே கேளு."

சமையலறையில், ஈ மொய்க்கும் தட்டுகளுக்கு நடுவே, அந்தப் பழைய மெஷினை ஓட்டினார். ஓர் இளம் பெண்ணின் குரல், சந்தோஷமாக: "டெங்லர் சார், உங்க டிரெய்லரை என் பசங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. நாங்க இந்த வாரம் பூரா நீர்த்தேக்கத்துக் கேம்ப்ல இருப்போம், அங்க சிக்னல் கிடைக்காது, வெள்ளிக்கிழமை கூப்பிடறேன்."

"என் பசங்களுக்கு," என்று ரமோனா திருப்பிச் சொன்னாள். லாயிட்டைப் பார்த்தாள். "நேத்தே இதைக் கேட்டீங்க. கேட்டுட்டு உக்கார்ந்திருந்தீங்க."

"ஆட்டுக்கு மருந்து போடற நாள்..."

அவள் அதற்குள் காரில் ஏறிவிட்டாள்.

நான்தான் ஓட்டினேன். வழியிலேயே இரும்புக் கிடங்குக்காரனைக் கூப்பிட்டேன், பழைய சிநேகிதன். சனிக்கிழமை அவனிடம் வந்தவை இரண்டு டிராக்டர், ஒரு குளிர்பெட்டி. டிரெய்லர் எதுவும் வரவில்லை. எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் வேறு கிடங்கு கிடையாது.

"புரிஞ்சு போச்சு பாஸ்," என்றேன். "ப்ரெண்ட் வண்டியை ரேகிட்டயே திருப்பிக் குடுத்திருக்கான். குடுத்த காசை வாங்கிக்கிட்டு, பொண்டாட்டிகிட்ட இரும்புக்குப் போட்டேன்னு சொல்லியிருக்கான். ரே அன்னிக்கே அதை இன்னொருத்தர் தலையில கட்டிட்டான். அந்த ரே மட்டும் என் கையில கிடைச்சான்னா, அந்த லாயிட்டோட கப்புலயே அவனுக்குக் காபி குடுப்பேன்."

"ம்."

"என்ன 'ம்'? இவ்வளவு அழகா முடிச்சுப் போட்டிருக்கேன்."

"பச்சை பிக்கப் ஏன் சாம்பலாச்சுன்னு யோசிக்கறேன். வேகமா ஓட்டு."

நீர்த்தேக்கக் கரையில் அந்த வாரம் பழைய டிரெய்லர்க்காரர்களின் கூட்டம். முட்டை வடிவம், ரொட்டி வடிவம், மெருகேற்றிய வெள்ளிப் பெட்டி என்று முப்பது நாற்பது வண்டிகள். கோடு போட்ட பந்தல்கள், மடக்கு நாற்காலிகள், கரி அடுப்பில் பச்சை மிளகாய்க் குழம்பு, ஈரத் துணி காயும் கயிறுகள், சைக்கிளில் சுற்றும் பிள்ளைகள். வேறொரு நாளாக இருந்தால் நான் ஒவ்வொரு வண்டியாக நின்று பார்த்திருப்பேன்.

எங்கள் வண்டியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. போட்டோவில் பார்த்த அதே உருவம், வெள்ளையும் வெளிர் நீலமுமாகப் புதுப் பெயிண்ட். ஜன்னலில் செர்ரிப் பழம் போட்ட திரை. வெளியே ஒரு பெண் மடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் அடுப்பில் சாசேஜ் புரட்டிக்கொண்டிருந்தான்.

"டேலியா?" என்றாள் ரமோனா. "இன்னொரு குழந்தை எங்க?"

"ஓபலா? உள்ள பரண்ல படிச்சிட்டிருக்கா. நீங்க யாரு?"

"முதல்ல அவளை வெளியே கூப்பிடுங்க. அப்புறம் நான் யாருன்னு சொல்றேன்."

"எதுக்கு..."

"இந்த வண்டியில படுத்த ஒரு குழந்தை ஆஸ்பத்திரியில மூச்சுக்குத் திணறிக்கிட்டிருக்கு."

கணவன் நோலன் கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தான். ஏழு வயதுப் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் கையில் இன்னும் புத்தகம் இருந்தது.

"தப்பா சொல்றீங்க," என்றாள் டேலியா. "இது சுத்தமான வண்டி. விளம்பரத்துலயே போட்டிருந்தது. உள்ள வந்து மோந்து பாருங்க. எலுமிச்சை வாசனைதான் வருது."

"அதான் பயமா இருக்கு," என்றேன்.

முகமூடியும் கையுறையும் மாட்டிக்கொண்டேன். ப்ளீச் கலந்த தண்ணீரைத் தெளிப்பானில் ஊற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவள் சொன்னது உண்மை. எலுமிச்சை, வார்னிஷ், புது மரம். சுவர் முழுக்கத் தேன் நிறத்தில் புத்தம்புதுப் பிர்ச் பலகை. நேர்த்தியான வேலை. ஒவ்வொரு திருகாணியின் வெட்டும் ஒரே திசையைப் பார்த்து நின்றது. அறுபது வருஷத்து வண்டியில் அறுபது நாள் வயதுள்ள சுவர். நல்ல வேலைக்காரன் ஒருவன் பழைய சுவரைப் பிய்க்காமல் அதன் மேலேயே புதுச்சுவரை ஒட்டியிருந்தான். பலகையின் விளிம்பைத் தட்டிப் பார்த்தபோது சத்தம் மொத்தையாக, ஈரச் சோற்றைத் தட்டுவது போல் வந்தது.

பரணுக்கு அடியில் நான்கு திருகாணிகளைக் கழற்றிப் பலகையைப் பிடித்து இழுத்தேன்.

முதலில் வந்தது நாற்றம். முகமூடியைத் தாண்டி வந்தது. மூத்திரமும் அழுகலும் சேர்ந்து கண்ணைக் கரித்தது. பழைய சுவர் அங்கங்கே உளுத்துத் திறந்து கிடந்தது. உள்ளே இருந்த பஞ்சைப் பிய்த்து, காகிதம், ரோமம், குச்சி எல்லாம் கலந்து அடுக்கடுக்காகக் கூடுகள். அவற்றுக்கு நடுவே கறுப்பு அரிசி போல் எச்சம், கையளவு அல்ல, படியளவு. என் காலில் கொட்டியது. ஒரு எலி காய்ந்து, அப்பளமாகி, புதுப் பலகையின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பலகையை அடித்தவன் அதை எடுத்துப் போடக்கூட இல்லை. அதன் மேலேயே வைத்து அடித்திருந்தான். ஜூனியின் தலையணைக்கு நேர் கீழே காற்றுப் போக்குக்காக அழகாக வட்டமாக வெட்டி, ஒரு சின்னப் பித்தளை வலை வைத்திருந்தான்.

கொஞ்சம் தள்ளி, நீல மையில் ஒரு முழ உயர எழுத்துகள்: எலி. படுக்காதே.

தெளிப்பானைக் காலி செய்துவிட்டு வெளியே வந்து, முகமூடியைக் கழற்றி, ஏரியைப் பார்த்து நின்றேன். சாசேஜ் கருகிக்கொண்டிருந்தது.

"இருக்கு," என்றேன். ஜோக் எதுவும் வரவில்லை.

டேலியா கைக்குழந்தையின் முகத்தைத் தன் சட்டையால் துடைத்தாள், மறுபடி துடைத்தாள், நிறுத்தாமல் துடைத்தாள். ஓபல் மட்டும் என்னிடம் வந்தாள்.

"என் நட்சத்திரத்தை எல்லாம் பிச்சிடுவீங்களா?"

"எந்த நட்சத்திரம் கண்ணு?"

"பரண் மேல ஒட்டியிருக்கே. விளக்கை அணைச்சா மின்னும். ரே அங்கிளோட பொண்ணு ஒட்டினதாம். அவளுக்கு இப்ப வேண்டாமாம், எனக்கு வச்சுக்கச் சொன்னார்."

ரமோனா மெல்லத் திரும்பினாள். "ரேவுக்குப் பொண்ணு இருக்கா?"

"ஆமா," என்றான் நோலன். "அதை வச்சுத்தான் நம்பினோம். என் பொண்ணு வசந்தகாலம் பூரா இதுலதான் தூங்கினா, இதைவிட என்ன உத்தரவாதம் வேணும்னு கேட்டார். ரொம்ப மரியாதையான ஆள்."

"எப்ப வாங்கினீங்க?"

"ஞாயித்துக்கிழமை காலையில. அவசரமா இருந்தார், கையில ஒரு முயல் பொம்மை வச்சிருந்தார். பொண்ணுக்குக் கொண்டு போறேன், காத்துக்கிட்டிருப்பான்னு சொன்னார்."

நான் மறுபடி முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். பரணின் கூரையில் ஐந்து பிளாஸ்டிக் நட்சத்திரங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கில எழுத்து, சிவப்புப் பேனாவில், கோணல்மாணலாக, ஒரு குழந்தையின் கையெழுத்தில். ஐந்தையும் சேர்த்துப் படித்தேன்.

ஜூனி.

வெளியே வந்தபோது ரமோனா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"ரேன்னு ஒருத்தனும் இல்லை பாஸ்."

"இருக்கான்," என்றாள். "இன்னிக்குக் காலையில நமக்குக் காபி வாங்கிக் குடுத்தான்."

அந்தக் காபியை நான் குடித்திருந்தேன். ஏரிக்கரைப் புதருக்குப் பின்னால் போய்த் துப்பினேன். நாலு மணி நேரத்துக்கு முன் குடித்ததைத் துப்ப முடியாது என்று தெரிந்தும் துப்பினேன்.

நோலன் குடும்பத்தைத் தங்கள் காரில் நேராக ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னோம். பக்கத்து டிரெய்லர்க்காரர்களிடம் விஷயத்தைச் சொல்லி, யாரும் அந்த வண்டியை நெருங்காமல் சுற்றிக் கயிறு கட்ட வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சாம்பல் நிற பிக்கப் நின்றது. மொட்டை மாடியில் ஹெலிகாப்டர் இறங்கியிருந்தது; காற்று சற்றுத் தணிவதற்காகக் காத்திருந்தார்கள். தாழ்வாரத்தில் ஜூனியின் கட்டிலைக் குழாய்களோடு தயாராக வைத்திருந்தார்கள். கட்டிலில் அவள் பக்கத்தில் அந்த முயல் இருந்தது.

"ஒருத்தர்தான் கூட வர முடியும்," என்று நர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் போறேன்," என்றான் ப்ரெண்ட், கோராவின் தோளில் கையைப் போட்டபடி. "நீ நாலு நாளா தூங்கலை. வீட்டுக்குப் போய்ப் படு."

ரமோனா தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்தே, பழகிய சிநேகிதனைக் கூப்பிடுவது போல் சாதாரணமாகக் கூப்பிட்டாள்:

"ரே!"

அவன் திரும்பினான். உதட்டில் பாதிப் புன்னகைகூட வந்துவிட்டது. எங்களைப் பார்த்ததும் அது அப்படியே நின்றது.

கோரா அவன் கையைத் தோளிலிருந்து எடுத்தாள். "ஏன் திரும்பினே?"

"சத்தம் கேட்டுச்சு, திரும்பினேன்..."

"ரேங்கறது இவர் விளம்பரத்துல வாங்கவும் விக்கவும் வச்சிருக்கற பேர் கோரா," என்றாள் ரமோனா. "கார் சந்தை இல்லை. பண்ணையிலேருந்து இவரே வாங்கினார். எலி இருக்கு, பிச்சு எரின்னு சொல்லித்தான் குடுத்தாங்க. சுவர்ல எழுதியும் வச்சாங்க. இவர் அது மேல பலகை அடிச்சார். நீங்க இரும்புக்குப் போயிடுச்சுன்னு நினைச்ச வண்டியை ஞாயித்துக்கிழமை ரெண்டு குழந்தைங்க இருக்கற வீட்டுக்கு வித்திருக்கார். அவங்களும் இப்ப இங்கதான் வந்துக்கிட்டிருக்காங்க."

"ஞாயித்துக்கிழமையா? அன்னிக்கு இவர் முயலை எடுத்துட்டு வர வீட்டுக்குப் போனார்."

"போற வழியில வித்தார்."

ஜூனியின் முகமூடி மட்டும் உஸ் உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது.

"மூடிட்டா போதும்னு நினைச்சேன் கோரா," என்றான் ப்ரெண்ட். "நீதானே இந்த வருஷமாவது எல்லாரும் சேர்ந்து போகணும்னு ஆசைப்பட்டே? அதுக்குள்ள முடிக்க வேண்டியிருந்தது. மூணு கோட் வார்னிஷ் அடிச்சேன். நான் என்ன வேணும்னா..."

"அதை விடு." அவள் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "சனிக்கிழமை டாக்டர் எலி இருந்ததான்னு கேட்டார். இன்னிக்குக் காலையிலயும் கேட்டார். இவ இப்படி மூச்சு விடறதைப் பார்த்துக்கிட்டே இல்லைன்னு சொன்னியே. ஏன்?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னான்.

"டெஸ்ட்டுலதான் எப்படியும் தெரிஞ்சிடுமே. நான் வேற எதுக்கு வாயைக் குடுக்கணும்னு..."

கோரா வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டடி நடந்து, சுவரோரம் இருந்த குப்பைக்கூடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்தாள். நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவள். மஞ்சள் தண்ணீர்தான் வந்தது. அவன் முதுகைத் தடவப் போனான். "தொடாதே," என்றாள் கூடைக்குள்ளிருந்தே. பிறகு நிமிர்ந்து, வாயைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு நர்ஸிடம் சொன்னாள்:

"நான்தான் வர்றேன். கிளம்பலாம்."

"அப்பா மாடி வரைக்கும் வரலாம்," என்றாள் நர்ஸ்.

"வேண்டாம். கீழே ரெண்டு குழந்தைங்க வந்துக்கிட்டிருக்கு. அதுங்க அம்மாகிட்ட இவர் தன் வாயால சொல்லட்டும்."

கட்டில் லிஃப்டுக்குள் போய்விட்டது. ப்ரெண்ட் மறுபக்கம், பின்வாசல் படிக்கட்டை நோக்கி நடந்தான். நான் அந்தக் கதவில் போய் நின்றுகொண்டேன். என் உடம்பு அந்தக் கதவுக்குச் சரியாக இருக்கும்.

"வழி விடு," என்றான்.

"ரொம்ப நேர்த்தியான வேலை சார்," என்றேன். "திருகாணி எல்லாம் ஒரே திசையில. எலியைக்கூட நேரா வச்சு அடிச்சிருக்கீங்க."

ஐந்து நிமிஷத்தில் டேலியா குழந்தைகளோடு தாழ்வாரத்துக்கு வந்தாள். அவனைப் பார்த்ததும் ஓபல் "ரே அங்கிள்!" என்று கையசைத்தாள். அவன் சொல்ல வேண்டியிருந்தது. கால்வாசிதான் சொன்னான், மீதியை ரமோனா சொன்னாள். டேலியா அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அவனிடமிருந்து நாலடி தள்ளிப் போய் நின்றாள்.

ஜூனி டென்வரில் அந்த மெஷினோடு பதினோரு நாள் இருந்தாள். இரண்டு தடவை கைவிட்டுப் போய்விட்டாள் என்று நினைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் தானாக மூச்சு விட்டாள். டாக்டர் பச்சேகோ சொன்னார்: வியாழக்கிழமை ரிசல்ட் வருகிற வரைக்கும் இங்கேயே இருந்திருந்தால் புதன்கிழமையைத் தாண்டியிருக்க மாட்டாள். ஓபலுக்கும் அவள் தம்பிக்கும் நோய் தலைகாட்ட ஆறு வாரம் கெடு. ஒவ்வொரு தும்மலுக்கும் டேலியா எங்களுக்குப் போன் செய்தாள். ஆறு வாரமும் போயிற்று, ஒன்றும் வரவில்லை. டிரெய்லரைக் கவுண்டி அதிகாரிகள் எடுத்துப் போய் எரித்தார்கள். லாயிட் டெங்லர் கூப்பிடாமலே வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எரிந்து முடியும் வரை நின்றார். ப்ரெண்ட் மேல் வழக்குப் போட்டார்கள். ஜாமீனில் வெளியே வந்தான்.

ஆகஸ்டில் ஒருநாள் மத்தியானம் எங்கள் ஆபீஸ் போன் அடித்தது. ரமோனா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், நான் ப்ரெண்ட் லிண்ட்கிரன்." அதே மரியாதையான குரல். "கோரா வீட்டைக் காலி பண்ணிட்டா. ஜூனியை எங்க கூட்டிட்டுப் போனான்னு தெரியலை. நீங்க திறமைசாலின்னு எனக்குத் தெரியும். போனதெல்லாம் போகட்டும். அவங்க எங்க இருக்காங்கன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. உங்க ஃபீஸ் எவ்வளவானாலும்..."

அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். சாமான் ஏற்றிய வண்டியை ஓட்டியதே நான்தான்.

ரமோனா போனை வைத்தாள். மேஜையிலிருந்த துணியை எடுத்து, போனைத் துடைத்தாள். பட்டன்களுக்கு நடுவே விரலை விட்டுத் துடைத்தாள். துணியைக் குப்பையில் போட்டாள்.

"ஆரின்," என்றாள். "அந்த ஜன்னலைத் திற."